வேண்டாம் என்று சொன்னவன்

ஒருவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்ல உங்களுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஆதிஃபுக்கு மூன்று நாளாகியும் வாய் வரவில்லை.

டெக்சஸில் அவன் படித்த காலேஜில், ஃபிராட்டர்னிட்டி என்று பையன்கள் ஒன்றாகத் தங்கும் சங்க வீடு ஒன்று இருந்தது. சேரச் சொல்லி அவனுக்கு அட்டை கொடுத்திருந்தார்கள். சேர்ந்தால் பியர், பார்ட்டி, வாராவாரம் உம்மாவிடம் பொய். சேராவிட்டால் நாலு வருஷமும் தனியாகச் சாப்பாடு. மறுநாள் காலை எட்டு மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

“ஒரு கையெழுத்துக்கு இவ்ளோ யோசிக்கிறியே மச்சி, நிக்காஹ்வா பண்ணப் போற?” என்றான் ரூம்மேட் கிரிஸ்.

சாயங்காலம் நாலு மணிக்கு, ஆலன் என்ற ஊரில் இருக்கும் தன் வீட்டுக்குப் போன் பண்ணினான். உம்மா எடுத்தாள்.

“உம்மா, நான்தான்.”

“யாருப்பா, ஆதிஃப் ஃபிரெண்டா? அவன் இப்பதான் ட்ரைவ் பண்ணி வந்தான். சாப்பிட்டுக்கிட்டிருக்கான்.”

“உம்மா, நான்தான் ஆதிஃப்.”

“கிண்டல் பண்ணாத தம்பி. அந்த ஃபிராட்டர்னிட்டி வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டான் எம்புள்ள. நீயும் சேராத. பேசாம உங்க வீட்டுக்குப் போயிடு, என்ன?”

பின்னாலிருந்து யாரோ சோற்றுக்கு இன்னும் கொஞ்சம் ஆணம் ஊற்றச் சொல்லிக் கேட்டார்கள். அது ஆதிஃபின் குரல்தான்.

போனை வைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தான். பார்க்கிங்கில் அவனுடைய கார் இல்லை. சாவி அவன் பையிலேயே இருந்தது.

மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். சங்க வீட்டு மாடியில் அவனுக்கு ஒரு கட்டிலைக் காட்டினார்கள்.