கூட்டத்துக்கு வந்த பூங்கா

"உங்க ஒருத்தராலதான் சிஸ்டர், நாற்பத்தேழு குடும்பம் ஒழுகுற கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கு" என்றார் குடியிருப்புச் சங்கச் செயலாளர், மண்டபத்து வாசலிலேயே மறித்துக்கொண்டு.

"ஆஸ்பத்திரியில அத்தனை பேருக்கு ஓடி ஓடிச் செஞ்சவங்க. சொந்தக் கட்டிடம்னு வந்ததும் இப்படிச் சுயநலமா மாறிட்டீங்களே" என்றாள் மூன்றாம் மாடிக்காரி.

அந்த ஓய்வுபெற்ற நர்ஸ் கேட்டது அதிகமில்லை. பழைய கட்டிடத்தை இடித்துப் புதிதாகக் கட்டட்டும். பின்பக்கத் திறந்தவெளி மட்டும் வேண்டும். பக்கவாதத்தில் விழுந்த கணவர் தினமும் சாயங்காலம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்க அந்த இடம் ஒன்றுதான் இருந்தது. ஒரு வாரத்துக்கு முன்பே ஆட்சேபணை மனுவில் அதை எழுதிக் கொடுத்திருந்தாள். அவளுடையது ஒரே மனு. அது இருக்கும்வரை அனுமதி கிடைக்காது.

உள்ளே பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். கட்டுமானக் கம்பெனி மேனேஜர் மேஜைமேல் இருந்த துணியை உருவினார். புதுக் கட்டிடத்தின் மாதிரி. அதன் பின்னால் பச்சைப் பசேலென்று ஒரு பூங்கா.

"ஊருக்கே பொதுவான பூங்கா. இதுக்காகச் சலுகையா மூணு மாடி கூடுதலாக் கேட்கிறோம், அவ்வளவுதான்" என்றவர், "கிட்ட வந்து பாருங்கம்மா" என்று அவளை அழைத்தார்.

குனிந்தாள். ஒரு மரத்தடியில், கட்டைவிரல் நகம் அளவுக்கு, சக்கர நாற்காலியில் ஒரு மனிதர். பின்னால் நாற்காலியைப் பிடித்தபடி ஒரு பெண்.

"உங்க வீட்டு ஐயா மாதிரியே இல்ல?" என்றார் மேனேஜர், குரலைத் தாழ்த்தி.

அவளுக்குக் கண்ணாடி மங்கியது. படுக்கையில் விழுந்ததிலிருந்து அவரை யாரும் எந்தக் கணக்கிலும் சேர்த்ததில்லை. மனுவை வாபஸ் வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

மண்டபமே கை தட்டியது. "நான் அப்பவே சொன்னேனே, சிஸ்டருக்குத் தங்கமான மனசுன்னு" என்று செயலாளர் காய்ந்த கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டத்தை நடத்த வந்திருந்த அரசு அதிகாரி அனுமதித் தாளில் முத்திரையைக் குத்திவிட்டுக் காரில் ஏறினார்.

படி இறங்கியவள் திரும்பி வந்தாள். கணவரிடம் காட்ட ஒரு போட்டோ எடுக்க வேண்டும்.

அந்த மாதிரிக் கட்டிடத்தைச் செய்த கம்பெனி ஆள் ஸ்க்ரூ டிரைவருடன் அதன்மேல் குனிந்திருந்தார். நாலாவது ஸ்க்ரூவையும் கழற்றிவிட்டு, பாத்திர மூடியைத் தூக்குவது போலப் பூங்காவை அப்படியே தூக்கினார்.

அடியில் வெள்ளைக் கோடுகள். கார் நிறுத்தும் கட்டங்கள், ஐம்பத்திரண்டு வரை எண் போட்டு. முதல் கட்டத்தில் பென்சிலால் 'செயலாளர்' என்று எழுதியிருந்தது.

"பூங்காவை எங்கே கொண்டு போறீங்க?"

"மத்தியானம் ரெண்டு மணிக்கு வேற ஏரியாவுல கூட்டம்மா. இதுவரைக்கும் ஒன்பது கட்டிடத்துக்கு அனுமதி வாங்கிக் கொடுத்திருக்கு. ராசியான பூங்கா."

சக்கர நாற்காலி மனிதரை இரண்டு விரலால் பிடுங்கி ஒரு தகர டப்பாவில் போட்டார். பிறகு ஒரு ஃபைலைத் திறந்தார். மேலே இருந்தது அவளுடைய மனுவின் நகல். 'சக்கர நாற்காலி' என்ற இடத்தில் சிவப்புக் கோடு. அதைத் தள்ளிவிட்டு அடுத்த மனுவை அவளிடம் நீட்டினார்.

"எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்மா. கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. விளையாட இடம் கேட்டிருக்கிறது பேரனுக்கா, பேத்திக்கா? பொம்மையை மாத்தி வெச்சுட்டேன்னா மேனேஜர் தோலை உரிச்சிடுவாரு."

முப்பது வருஷம் டாக்டர்களின் கையெழுத்தைப் படித்தவள். பேரன் என்றுதான் இருந்தது. கீழே ஒரு போன் நம்பர்.

"பேத்தி" என்றாள்.

வாசலுக்கு வந்ததும், மறப்பதற்குள் அந்த நம்பரை அழுத்தினாள்.

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. மத்தியானம் உங்களுக்கு ஒரு பூங்கா காட்டுவாங்க. அழுகை வந்தா அழுதுக்குங்க. ஆனா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, அதுல இருக்கிற நாலு ஸ்க்ரூவைக் கழட்டச் சொல்லுங்க."