வசாபிப் பரீட்சை

"வசாபி வேண்டாமா?"

குராமோச்சி கேட்ட தொனியில் கடையே திரும்பிப் பார்த்தது.

"ஆமாங்க. எனக்குக் காரம் ஒத்துக்காது. வசாபி வைக்காம ஒரு மதிய செட்," என்றான் நாகசே.

குராமோச்சியின் மகள் சினாட்சு கட்டிக்கொள்ள ஆசைப்படும் பையன். அப்பாவிடம் இன்றைக்குத்தான் அறிமுகம். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம், கவாகுச்சி ஸ்டேஷன் பின்தெருவில் இருக்கும் இந்தச் சுஷிக் கடை. மாஸ்டர் நின்று மீன் வெட்டும் மேடை, அதன் முன்னால் ஒரு வரிசை நாற்காலி, அவ்வளவுதான் கடை. எங்களைப் போன்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை பர்ஸைத் தடவிப் பார்க்காமல் நுழையலாம்.

"வசாபி வேண்டாம்னு ஸ்கூல் பிள்ளைங்கதான் கேக்கும். உங்களுக்கு என்ன வயசு?"

"முப்பத்தொண்ணு."

"முப்பத்தொண்ணாம்," என்று குராமோச்சி என் பக்கம் திரும்பிச் சொன்னார், என்னமோ நான் சாட்சி சொல்ல வந்தவன் மாதிரி.

நான் அவருக்குப் பக்கத்து வீடு. கடையிலும் அவருக்குப் பக்கத்து நாற்காலி என் தலையெழுத்து. எந்த மீனை முதலில் தொட வேண்டும், சோயா சாஸை மீனில் தொட்டுக்கொள்வதா சோற்றிலா, எல்லாவற்றுக்கும் அவரிடம் சட்டம் உண்டு. வாராவாரம் அந்தப் பாடத்தைக் கேட்டுக்கொண்டுதான் எனக்குச் சோறு இறங்கும். அதிலும் வசாபி என்று ஆரம்பித்தால் மனுஷர் லேசில் விடமாட்டார்.

"மாஸ்டர், எனக்கு வழக்கம்போல. வசாபி கொஞ்சம் தூக்கலாவே இருக்கட்டும்."

"சரிங்க," என்றார் மாஸ்டர்.

மீனுக்கும் சோற்றுக்கும் நடுவில் விரல்நுனியால் தடவுகிற பச்சை விழுது அது. வெளியே தெரியாது. இரண்டு தட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே வந்து உட்கார்ந்தன.

குராமோச்சி தொடங்கிவிட்டார். "இந்தக் காரத்தையே தாங்காதவன் வேற என்னத்தத் தாங்குவான்? நாளைக்கே வேலை போகுது, கையில காசில்லைன்னு வெச்சுக்குவோம். அப்பவும் 'எனக்கு ஒத்துக்காது'ன்னு என் பொண்ணை விட்டுட்டுக் கிளம்பிடுவானா?"

"அப்பா, சுஷிக்கும் கல்யாணத்துக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்றாள் சினாட்சு.

"நீ சும்மா இரு. எனக்கு இந்தச் சம்பந்தம் சரிப்படாது."

பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஊறுகாய் இஞ்சிக் கிண்ணத்தை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். பக்கத்து வீட்டுக்காரனாய்ப் போய்விட்டேன்.

"சாப்பிட வந்த இடத்துல எதுக்குங்க இதெல்லாம்?" என்றார் அவர் மனைவி ஃபுமியே.

"சரி, நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஒரு வாய்ப்பு தரேன்." தன் தட்டைப் பையன் பக்கம் தள்ளினார். "இது என் தட்டு. ஒரு துண்டு விடாம சாப்பிடட்டும். சாப்பிட்டு முடிச்சா பொண்ணு அவனுக்கு."

"ஐயோ, தட்டை மாத்தாதீங்க," என்று பதறினார் ஃபுமியே. எவ்வளவு இரக்கம் அந்த அம்மாவுக்கு என்று நினைத்தேன்.

"மாத்துவேன். இவன் தட்டை நான் சாப்பிட்டுக்கறேன். பொண்ணுக்காக ஒரு வேளை தியாகம் பண்ணக் கூடாதா?"

நாகசே சினாட்சுவை ஒரு தடவை பார்த்தான். ஒரு துண்டை எடுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயில் போட்டான்.

மென்றான். மெல்வதை நிறுத்தினான். கண்ணைத் திறந்து மாஸ்டரைப் பார்த்தான். மாஸ்டர் மும்முரமாகக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் இருமல் வந்தது. அடேயப்பா, என்ன இருமல். கை துடைக்க வைத்திருந்த ஈரத் துணியை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது.

"என்ன, ஏறுதா?" என்றார் குராமோச்சி ஆசையாக.

"உச்சந்தலை வரைக்கும் ஏறுதுங்க." குரல் கரகரத்தது. "இதை எப்படிங்க வாராவாரம் சாப்பிடறீங்க?"

"எல்லாம் பழக்கம்தான், தம்பி."

அவன் தம்பியாகிவிட்டதை நான் கவனித்தேன். சினாட்சுவும் கவனித்திருக்க வேண்டும், மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினாள்.

குராமோச்சி பையனின் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டு முகத்தைச் சுளித்தார். "சப்புன்னு இருக்கு. வசாபி இல்லாததெல்லாம் ஒரு சுஷியா? ஆஸ்பத்திரிச் சாப்பாடு தோத்துது போங்க."

நாகசே ஒவ்வொரு துண்டுக்கும் அந்த ஈரத் துணியில் முகத்தைப் புதைத்து, மேடையைப் பிடித்துக்கொண்டு, ஒருவழியாகக் கடைசித் துண்டையும் விழுங்கினான்.

"பாத்தீங்களா?" குராமோச்சி என் தோளைத் தட்டினார். "அழுதான், ஆனா பாதியில எழுந்திரிக்கலை. ஆம்பளைக்கு இதுதான் வேணும். சினாட்சு, வா, அடுத்த மாசம் நல்ல நாள் இருக்கான்னு பார்ப்போம்."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காசு கொடுக்கப் போனார். மகள் சிரித்தபடி பின்னால் போனாள்.

நாகசே ஃபுமியே பக்கம் குனிந்தான். என் காதிலும் விழுந்தது, நான் என்ன செய்ய?

"அம்மா, அந்தத் தட்டுல வசாபியே இல்லைங்க. மாஸ்டர் மறந்துட்டார் போல. சாருக்குத் தெரிஞ்சா சத்தம் போடுவார். பாவம், சொல்லிடாதீங்க."

"மாஸ்டர் மறக்கலை." ஃபுமியே வாசல் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டே சொன்னார். "கல்யாணமான புதுசுல இவர் இங்க ஒரு துண்டு வாயில போட்டுட்டு, மேடையில தலையைக் கவுத்து அழுதார். பார்க்கச் சகிக்கலை. அன்னிலேருந்து இவர் தட்டுல வசாபி வைக்காதீங்கன்னு நான்தான் சொல்லி வெச்சிருக்கேன். பழகிப்போச்சுன்னு அவரா நினைச்சுக்கிட்டார்."

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஆனா அவரை விட நீங்க நல்லா அழுதீங்க, மாப்பிள்ளை."