லோவ்ரோவின் சம்மதம்

“முடியாதுங்கிறார்” என்றாள் தில்கா, கதவைப் பாதி திறந்து.

பக்கத்து வீட்டு விங்கோ, கழுத்தில் முகமூடியும் கையில் மருந்துப் புகைக் கருவியுமாக முற்றத்துப் பனியில் நின்றிருந்தான். தில்காவின் கணவர் லோவ்ரோவோடு அவனுக்குப் பேச்சுவார்த்தை நின்று பல வருடமாகிறது. ஆனால் வேறு வழியில்லை. போன குளிர்காலத்தில் அவனுடைய தேனீக்களில் பாதியை உண்ணிப்பூச்சி தீர்த்துக்கட்டிவிட்டது.

“அக்கா, அண்ணன்கிட்ட இன்னொரு தடவை சொல்லுங்க. இந்தக் குளிர்ல ராணி முட்டை வைக்காது. கூட்டு அறையில புழு இல்லாததால உண்ணிக்கு ஒளிய இடமில்ல. இப்பப் புகை போட்டாத்தான் சாகும். என் பெட்டிக்கு மட்டும் போட்டு என்ன பிரயோஜனம்? வெயில் வந்ததும் உங்க உண்ணியெல்லாம் எங்க வீட்டுக்குக் குடிவந்துடும். இந்த வருஷமும் போச்சுன்னா நான் தேனீக்கே முழுக்குப் போட வேண்டியதுதான்.”

தில்கா உள்ளே போய்த் திரும்பினாள்.

“அவர் தேனீக்கு உண்ணியே கிடையாதாம். இருந்தா, அது உன் வீட்டு உண்ணியாம்.”

விங்கோவுக்குச் சுருக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டான். “சரி, என் வீட்டு உண்ணின்னே வச்சுக்குங்க. அதைக் கொல்ற உரிமையாவது எனக்கு உண்டில்ல?”

மறுபடி உள்ளே போனாள். இந்தத் தடவை சற்று நேரமாயிற்று.

“போடலாமாம். ஆனா முதல்ல வாசல் பனியை வாரணுமாம்.”

வாரினான். “இன்னும் அகலமா. வண்டி உள்ள வரணுமில்ல?” என்றாள். முதுகு ஒடிய அதையும் வாரினான்.

“அப்புறம், மன்னிப்புக் கேக்கணுமாம். ஜன்னலைப் பார்த்து, சத்தமா.”

முன்பு விங்கோவின் தேனீக் கூட்டம் ஒன்று பறந்துபோய் லோவ்ரோவின் பேரிமரத்தில் தொங்க, அவர் அதைப் பிடித்துத் தன் பெட்டியில் விட்டுக்கொண்டார். சர்ச் வாசலில் ஊரே பார்க்க, விங்கோ அவரைத் ‘திருடன்’ என்றுவிட்டான்.

இப்போது திரை போட்ட ஜன்னலைப் பார்த்துக் கத்தினான். “லோவ்ரோ அண்ணே! நீங்க திருடன் இல்ல! நான்தான் வாய்க்கொழுப்புல சொல்லிட்டேன்!”

வழியில் போன தபால்காரி வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தாள். விங்கோவின் மானம் கப்பலேறியது.

“இன்னும் சத்தமாவாம்” என்றாள் தில்கா, உள்ளே போகாமலே.

தொண்டை கிழியக் கத்தினான். தில்கா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சம்மதமாம். போ தம்பி.”

கிழவரின் வீம்பை ஒருவழியாக ஜெயித்த சந்தோஷத்தில் விங்கோ முகமூடியை மாட்டிக்கொண்டு தேனீக் கொட்டகையைப் பார்த்து நடந்தான்.

“தம்பி, ஒரே ஒரு உதவி” என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள் தில்கா. “நம்ம வழக்கப்படி ஊருக்குச் சொல்றதுக்கு முன்னாடி தேனீங்களுக்குச் சொல்லணும், எனக்கோ தேனீன்னாலே பயம். பெட்டிகிட்ட போறதுதான் போறே, ஒவ்வொண்ணையும் மெல்லத் தட்டி, உங்க எஜமான் விடியக்காலையிலேயே போய்ச் சேர்ந்துட்டார்னு சொல்லிடுப்பா.”