மத்தியாசுக்கு ஒரு பூசை

"சாமி, நேத்து சாயங்காலம் ஒருத்தரு செத்துப்பூட்டாரு. அவருக்கு ஒரு பூசை வெக்கணும்."

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, வராண்டாவில் காபித் தம்ளரோடு உட்கார்ந்திருந்த அருள்பிரகாசம் சாமியார் நிமிர்ந்து பார்த்தார். வாசற்படியில் ஸ்டானிஸ்லாஸ் நின்றிருந்தான். துறைமுகத்தில் நிலக்கரி இறக்குகிறவன். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் கண்ணோரத்துக் கரி போகாது. அவனுக்குப் பின்னால், அவனை முறைத்தபடி அவன் மனைவி சிலுவையம்மாள்.

"துக்கமணி அடிக்கலியே. எந்தத் தெருவுல செத்தார்?"

"தெருவுல இல்ல சாமி. கடைசிப் பக்கத்துல."

"என்னது?"

"கதைப் பொஸ்தகம் சாமி!" சிலுவையம்மாள் முன்னால் வந்தாள். "கருவாடு மடிக்க, பழைய பேப்பர்காரன்கிட்ட நான் எடைக்கு வாங்கியாந்தது. அட்டையும் முன்னாடி கொஞ்சம் தாளும் யாவாரத்துல பூட்ச்சி. மீதியைப் புடுங்கி வெச்சிக்கினு இந்தாளு எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பிச்சாரு. அன்னியிலேர்ந்து வூட்ல ஒரே பேஜாரு."

"நீ மட்டும் இன்னா? கொழம்பு தீயறதுகூடத் தெரியாம கேட்டுக்கினு இருந்தியே!"

"கேட்டேன். அதுக்காவ? அவன் பண்ணது கொலை!"

"சண்டையை அப்புறம் போடுங்க. அந்த ஆள் பேர் என்ன?"

"மத்தியாஸ்."

சாமியாருக்குக் காபி புரையேறியது. தலையில் தட்டிக்கொண்டு, "சொல்லு, சொல்லு" என்றார்.

ஸ்டானிஸ்லாசுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. படியேறி வந்து தரையில் சம்மணமிட்டான்.

"எதோ வெளிநாட்டுக் கடலோரம் சாமி. கலங்கரை விளக்குல இவருக்கு வேல. ஒரு நாளு குடிச்சிட்டு, விளக்கேத்தாம தூங்கிட்டாரு. படகு பாறையில மோதி, ஒரு கிழவியோட ஒரே புள்ள பூட்டான். இவருக்கு மனசு ஆறல. அந்தக் கிழவி வூட்டுக்கே போயி, யாருன்னு சொல்லாம, தண்ணி இறைச்சி, வலை தெச்சி, தலை நரைக்கிற வரைக்கும் கூலி வாங்காம ஒழைச்சாரு சாமி! சாவச்சொல்லோ உண்மையைச் சொன்னாரு. அந்தம்மா வாயைத் தொறக்கறதுக்குள்ள உசுரு பூட்ச்சி. மன்னிச்சாளா இல்லியா? அது தெரியாமயே கதை முடிஞ்சிது. எனக்கு எப்புடி சாமி சோறு எறங்கும்?"

"அவ மன்னிக்கல" என்றாள் சிலுவையம்மாள். "தண்ணி இறைச்சா செத்த புள்ள வருவானா? எங்கப்பனைக் கடலுக்குக் குடுத்தவ நானு. எனக்குத் தெரியும். அவன் நரகத்துலயே வேவட்டும்."

"அப்புறம் எதுக்குடி நேத்து அழுதே?"

"அது அடுப்புப் புகை."

"அடுப்பே பத்த வெக்கலியேடி!"

சாமியார் சட்டென்று தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கதையில வர்றவனுக்கு ஆத்துமா ஏதுப்பா?" என்றார்.

ஸ்டானிஸ்லாசின் முகம் சுருங்கிவிட்டது.

"சொதந்திரம் வந்தப்புறந்தான் சாமி, ராப்பள்ளிக்கூடத்துல எழுத்துக் கத்துக்கினேன். அப்ப எனக்கு நாப்பது வயசு. எழுத்து மூலமா கெடச்ச மொத தோஸ்து அவருதான். அவரு ஆத்துமாவுக்காவ செபிக்க இந்த ராயபுரத்துல ஒரு நாதி இல்லியே சாமி."

"நான் செபிக்க மாட்டேன்" என்று சிலுவையம்மாள் கையைக் கட்டிக்கொண்டாள். "அவன் பேரைப் பீடத்துல சொன்னீங்கன்னா, எழுந்து வெளியே பூடுவேன். ஆமா!"

அவ்வளவுதான். சாமியார் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வெள்ளை அங்கி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். வாசலில் நின்றிருந்த காக்கைகள் பறந்து போயின. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"சாமியாராகறதுக்குக் குருமடத்துல படிக்கிறப்போ அந்தப் புத்தகத்தைப் படிச்சுட்டு நானும் சோறு இறங்காமக் கிடந்தவன்தான் ஸ்டானிஸ்லாசு. இந்தக் கோயிலுக்கு வந்த நாளா, கல்லறைத் திருநாளுக்குக் காசிமேட்டுக் கல்லறையில, செத்தவங்க பேரை வாசிக்கிறப்போ, மத்தியாஸ் பேரையும் நடுவுல சேர்த்துத்தான் வாசிக்கிறேன். உங்கப்பா பேருக்கு அடுத்தபடியா, சிலுவையம்மா. வருஷா வருஷம் எல்லாரையும்விட உரக்க ஆமென் சொல்றது நீதான்!"