சேமியாக் கை

முதல் பிடியை முறித்துக் கொதிநீரில் போட்ட பிறகுதான் சிவமலருக்கு நெஞ்சு திக்கென்றது.

சேமியா முறித்துப் பழகிய கை. யாரைக் கேட்டு முறித்தது?

கொரியாக்காரரின் இந்தச் சாம்பல் நிற நூடுல்ஸை முறிக்கவே கூடாது. மேல்மாடியில் இருக்கும் கொரியாக்காரி பார்க் அக்கா, ஆஸ்பத்திரித் தாதி, பக்கற்றைத் தரும்போதே சொன்னார். இருவருக்கும் பொதுவான அரைகுறை ஜெர்மனில்தான் சொன்னார். "பிறந்தநாளுக்கு இதுதான் சமைப்போம். நூடுல்ஸ் நீளம், ஆயுசும் நீளம்."

இன்று சிவமலரின் கணவர் உருத்திரமூர்த்திக்கு முப்பத்திரண்டு வயது.

கொழும்பில் விமானம் ஏறியவர் கிழக்கு பெர்லினில் இறங்கினார். இன்று விடியற்காலை ஜெர்மன் பக்கத்துக் காட்டுக்குள்ளால் நடந்து, அவள் இருக்கும் சுவிஸ் ஊரான ஷாஃப்ஹவுசனுக்கு வருவதாக ஏற்பாடு. காலை எட்டு மணிக்குள் ஆள் வந்து சேரும் என்று ஏஜென்சிக்காரன் சத்தியம் பண்ணாத குறை.

இப்போது பின்னேரம் மூன்றரை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

இப்படிப்பட்ட நாளில்தானா இந்தப் பாழாய்ப்போன கைக்கு அவசரம் வந்திருக்க வேண்டும்?

முறிந்த துண்டுகளை வெந்ததும் கரண்டியால் அள்ளி ஒரு கோப்பையில் போட்டு, தகர மாப் பேணிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். யாருக்கு ஒளித்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கடவுளுக்காக இருக்கலாம்.

பக்கற்றில் பாதி மிச்சம் இருந்தது. அதைக் கைக்குழந்தையைக் குளிக்க வார்ப்பதுபோல் மெதுவாக நீரில் இறக்கினாள். சாம்பல் நிறம் போய்க் கண்ணாடியாக மாறியதும், ஒன்றும் அறுந்துவிடாமல் இரண்டு முள்ளுக்கரண்டிகளால் தூக்கினாள்.

கரட், வெங்காயம், கீரை எல்லாம் தாச்சியில் வதங்கின. சோயா சோஸ் விட்டாள். பார்க் அக்கா தந்த வறுத்த எள்ளெண்ணெய் மணத்தது. செத்தல் மிளகாய் போடாதே என்று சொல்லியிருந்தார். புருஷனுக்குக் காரம் இல்லாமல் இறங்காதே என்று ஒன்றே ஒன்று போட்டாள்.

படியில் காலடிச் சத்தம்.

சிவமலர் கரண்டியோடு அப்படியே நின்றாள். அவள் வீட்டில் டெலிபோன் இல்லை. கீழ்மாடிக் கட்டடக் காவலாளியோ அவள் வீட்டு மணி அடித்தாலே வந்து எட்டிப்பார்க்கிற ஆள். அதனால் ஏஜென்சிக்காரனிடம் பார்க் அக்காவின் பெயரும் விலாசமும் நம்பரும்தான் எழுதிக் கொடுத்திருந்தாள். நல்லதோ கெட்டதோ, சேதி மேலே போய்த்தான் கீழே வரும்.

காலடி அவள் கதவைத் தாண்டி மேலே ஏறிப் போயிற்று. யாரோ.

தட்டில் நூடுல்ஸைப் பரிமாறி, ஒவ்வொன்றாக நீவி நீளம் பார்த்தாள். பிள்ளையாரே, இதை எண்ணிக்கொள், அந்தக் கோப்பையை எண்ணாதே.

கதவு தட்டாமலே திறந்தது.

பார்க் அக்கா. தோளில் சால்வைகூட இல்லை, வீட்டுச் செருப்போடு இறங்கி வந்திருந்தார். தாதிமாரின் முகத்தில் எதைக் கண்டுபிடிக்க முடியும்? அவர் நேரே மேசைக்கு வந்து தட்டைப் பார்த்தார். மேசை லாச்சியை இழுத்துத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தார்.

நூடுல்ஸின் நடுவே ஒரு வெட்டு. இன்னொரு வெட்டு.

சிவமலருக்கு விளங்கிவிட்டது. நீளம், நீளம் என்று சொன்ன அதே கை வெட்டுகிறது. இனி நீளம் எதற்கு?

"ஐயோ, வெட்டாதேங்கோ அக்கா! வெட்டாதேங்கோ!"

தமிழில்தான் கத்தினாள். வேறு எந்தப் பாஷை அப்போது வாயில் வரும்? பார்க் அக்காவின் கையைப் பிடித்தபடியே தரையில் சரிந்துபோனாள்.

பார்க் அக்கா மலைத்துப்போய் நின்றார். முதலில் சொல்ல வேண்டியதை அவசரத்தில் விட்டுவிட்டது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவளுக்குப் பக்கத்தில் குந்தி, ஒவ்வொரு ஜெர்மன் சொல்லாகத் தேடியெடுத்துச் சொன்னார்.

"உன் புருஷன் மேலே, என் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறார். குளிரில் இரண்டு கையும் விறைத்துவிட்டது, முள்ளுக்கரண்டி பிடிக்க முடியவில்லை. இவ்வளவு நீளமாக இருந்தால் எப்படிச் சாப்பிடுவார்?"

சிவமலர் எழுந்தாள். மாப் பேணிக்குப் பின்னால் இருந்த கோப்பையை எடுத்து அப்படியே தட்டில் கவிழ்த்தாள்.

பிறகு கத்தரிக்கோலைப் பறித்து, மிச்சத்தையும் தானே வெட்டினாள், சேமியாவைவிடச் சின்னதாக.