நாற்றை மிதித்த மருமகள்

ஏழரை மணி சீரியலில் மருமகள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடவு வயலில் இறங்கினாள்.

ரெத்தினம் டிவியைப் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த கணவர் ஐயாவுவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மாதமாக அவள் பார்க்கிற ஒரே காட்சி அதுதான்.

பூதலூர்ப் பக்கம் ஐயாவுவைப் பற்றி யாரைக் கேட்டாலும், நல்ல விவசாயி, ஆனால் அவரோடு உட்கார்ந்து படம் மட்டும் பார்க்க முடியாது என்பார்கள்.

கல்யாணமான புதிதில் தஞ்சாவூர் தியேட்டருக்குக் கூட்டிப்போனார். களத்துமேட்டுச் சண்டையில் நெல் மூட்டை ஒன்று காற்றில் பறந்தது. ஐயாவு எழுந்து நின்று, உள்ளே இருப்பது நெல்லா பஞ்சா என்று சத்தம் போட்டார். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ரெத்தினம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு டிவி வந்தபிறகு கேட்கவே வேண்டாம். மழைப் பாட்டில் பின்னால் வெயில் அடிக்குது. டாக்டருக்குப் படித்தவள் சட்டைமேலேயே ஊசி குத்துறாள். மூன்று மாதம் கோமாவில் கிடந்தவனுக்குத் தாடி முளைக்கலை. கதை எப்படிப் போனாலும் அவருக்குக் கவலையில்லை, தப்பு ஒன்று கையில் சிக்கினால் போதும்.

மகன் நெடுமாறன் சென்னையில் இந்தச் சீரியலில்தான் உதவி இயக்குநர். பெற்ற பிள்ளை என்று அவனுக்குச் சலுகை எதுவும் கிடையாது. ஒவ்வொரு நாளும் சீரியல் முடிந்ததும் போன் போட்டு, அன்றைய தப்புகளை வரிசையாகச் சொல்லித் திட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

கொஞ்சம் வாயை மூடிக்கிட்டுப் பாருங்களேன் என்று ரெத்தினம் முப்பத்தாறு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தை மாதம் ஒரு விடிகாலையில் அந்த வாய் மூடிக்கொண்டது. மூளையில் ரத்தக் கட்டு. கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பின. பேச்சு மட்டும் வரவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சீப்பு, சாவி, பூனை என்று அட்டை அட்டையாகக் காட்டிப் பார்த்தாள். ஐயாவு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு சொல் வந்துவிட்டால் போதும், மற்றதை இழுத்துவிடலாம் என்றாள் அவள். வராமலே போனால் என்ன என்று ரெத்தினம் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

தன் வாய்தான் பலித்துவிட்டது என்று கொல்லைப்பக்கம் போய் அழுவாள். அவர் குறை சொல்லாமல் ஒரு படம் ஓடி முடிவது அத்தனை பெரிய தண்டனையாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

போன வாரம் அந்த நெல் மூட்டைப் படத்தைத் தேடிப் போட்டாள். மூட்டை பறந்தது. ஐயாவு சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மகனிடம் போனில் ஒரு பாடு அழுது தீர்த்தாள்.

டிவியில் மருமகள் குனிந்தாள். நாற்றுக் கட்டைப் பிரித்து ஒரு குத்து ஊன்றினாள்.

ஊன்றியவள் ஒரு எட்டு முன்னால் வைத்தாள். நட்ட குத்து அவள் காலுக்கடியில் போனது.

நடுகிறவள் பின்னால் பின்னால்தான் நகர வேண்டும். வயலில் கால் வைத்த யாருக்கும் இது தெரியும். இந்த மகராசி முன்னால் நடந்தாள். நட்டாள், மிதித்தாள், மறுபடி நட்டாள். அதற்கு உருக்கமாக வயலின் வேறு வாசித்தார்கள்.

நாற்காலி கிறீச்சிட்டது.

ஐயாவு முன்னால் சாய்ந்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. உதடு கோணிக்கொண்டு எதற்கோ தவித்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு மருமகள் இன்னொரு எட்டு வைத்தாள்.

“மி… மிதிக்கிறா!”

ரெத்தினம் துள்ளி எழுந்தாள்.

“மிதிக்கிறாடி! நட்ட பயிர மிதிக்கிறா! பின்னால… பின்னால போகச் சொல்லு அவள!”

ரெத்தினத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சொல்லுங்க, இன்னும் சொல்லுங்க என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள். ஐயாவு அதற்கு மேல் சத்தம் போட்டார். அந்த மருமகளைத் திட்டினார், நாற்று கட்டியவனைத் திட்டினார், இதைப் படம் பிடித்தவனின் பரம்பரையைத் திட்டினார். சொற்கள் நொண்டி நொண்டித்தான் வந்தன. வந்துகொண்டே இருந்தன. ரெத்தினத்துக்கு அந்த நிமிஷம் தெருவில் இறங்கி வெடி கொளுத்த வேண்டும் போலிருந்தது.

விளம்பரம் போட்டதும் மகனைக் கூப்பிட்டாள். அப்பா பேசிட்டாருடா என்று கத்தினாள். கையோடு ஒரு திட்டும் கொடுத்தாள். தஞ்சாவூர்க்காரன் என்று வயல் காட்சி எல்லாவற்றையும் அவன் பொறுப்பில்தானே விட்டிருந்தார்கள்? அவன் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதா இந்தக் கூத்து?

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“அந்தப் பொண்ணு சரியாத்தாம்மா நட்டுச்சு. மூணு டேக்குலயும் பின்னாலதான் போச்சு. நாந்தான் முன்னால நடக்கச் சொன்னேன்.”

ரெத்தினம் போனைக் கொண்டுபோய் ஐயாவுவின் காதில் வைத்தாள்.

அவர் மகனை முதலிலிருந்து திட்டத் தொடங்கினார்.