தேஜஸ்வினி திறக்காத பக்கம்

“ஊரான் கம்பெனிக்குள்ள புகுந்து பாக்கறதெல்லாம் ஒரு உத்தியோகமா? எங்காத்துப் பக்கம் இதுக்குப் பேரே வேற!”

காபி டம்ளரை ணங்கென்று வைத்தாள் கல்பகம். ரயில்வேயில் இருக்கும் மகன் ஆதர்ஷுக்குப் பெண் பார்க்க, லாலாகுடாவிலிருந்து மாரெட்பள்ளிக்கு வந்திருந்தாள்.

பெண்ணின் அப்பா வரதராஜன் நெளிந்தார். “சாதாரண கம்ப்யூட்டர் வேலைதான் மாமி...”

“நக்கோப்பா, வேண்டாம், பூசி மெழுகாதே,” என்று சிரித்தாள் தேஜஸ்வினி. “கம்பெனிக்காராளே கூப்பிடறா ஆன்ட்டி. ‘எங்க சைட்ல ஓட்டை இருந்தா கண்டுபிடிச்சு எங்ககிட்ட மட்டும் சொல்லுங்கோ’ன்னு. சொன்னா பரிசு தருவா.”

“கடைசியா எங்கே ஓட்டை கண்டுபிடிச்சே?”

“நம்ம ரெண்டு குடும்பமும் பதிஞ்சிருக்கோமே, அந்தக் கல்யாண சைட்லதான்!”

கல்பகம் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஒருத்தர் விவரத்தை மாத்தினாலும், முன்னாடி என்ன போட்டிருந்தார்னு யார் வேணா பாக்கலாம்கற மாதிரி இருந்தது. போன மாசம் சொன்னேன். உடனே அடைச்சுட்டா.”

“அப்போ... எல்லார் விவரமும் பாத்துட்டியா?” கல்பகத்தின் குரல் பிசிறியது.

“ஒண்ணுகூட இல்லை. நானே ரெண்டு கணக்கு ஆரம்பிச்சேன். ஒண்ணுல வயசை மாத்தினேன். இன்னொண்ணுலேர்ந்து பாத்தா பழைய வயசு தெரிஞ்சுது. ப்ரூவ் பண்ண அது போதும். அதுக்கு மேல அடுத்தவா பக்கத்தைத் திறந்தா, நீங்க சொன்ன அந்த ‘வேற பேர்’ சரிதான்.”

“போன மாசமே எங்க பிள்ளை ஜாதகம் உங்களுக்கு வந்துடுத்தே! வாழப்போறவ நீ. பாக்கணும்னு தோணலையா?”

“ஹவ், ஆமாம் ஆன்ட்டி, தோணித்து. கை துறுதுறுன்னுதான் இருந்தது. ஆனா உங்களைப் பத்தித் தெரியணும்னா உங்களையே கேட்டுக்கலாமே. நீங்க என்ன பொய்யா சொல்லப்போறேள்?”

“அதானே!” என்றார் வரதராஜன், பெருமை பிடிபடாமல்.

கல்பகம் தேஜஸ்வினியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

“நீ பாத்திருந்தா, எங்க பிள்ளை பக்கத்துல முன்னாடி ‘விவாகரத்தானவர்’னு இருந்திருக்கும்மா. வரனே வரலையேன்னு, அதை ‘மணமாகாதவர்’னு மாத்தினது நான்தான்.”